கனம் பார்த்து வாங்கியது

அம்மா தையல்காரி. துணியைத் தொட்டே அது எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவாள். வீட்டுக்கு வாங்கும் சாமான்களையும் கையால்தான் எடைபோட்டாள். மிக்ஸியோ ஃபேனோ, முதலில் தூக்கிப் பார்ப்பாள். கனமாக இருந்தால் உள்ளே செம்புக் கம்பி சுற்றிய மோட்டார். லேசாக இருந்தால் ஏமாற்று வேலை. பெரும்பாலும் சரியாகவே இருந்தது. தெருவில் யார் எது வாங்கினாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். "தராசு அக்கா" என்று பெயர் வைத்ததே மின்சாதனக் கடைக்காரர்தான்.

நான் மோட்டார் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். தூக்கிப் பார்த்தால் போதாது, பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன். "வாங்குறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாக்க எவன்டி விடுவான்?" என்பாள்.

அதே கடையில் அவள் தூக்கிப் பார்த்து வாங்கிய ஸ்டீல் உடம்பு மிக்ஸி அவளைக் கொன்றது. ஓடும்போது வழிந்த மாவைத் துடைக்கப் போனவள் ஷாக் அடித்து விழுந்தாள். துக்கத்துக்கு வந்த கடைக்காரர், ஈரக் கையோடு தொட்டிருப்பாள், பாவம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபின் அடிமூடியைக் கழற்றினேன். சின்ன மோட்டார், அலுமினியக் கம்பி. பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய இரும்புக் கட்டி. பசை விட்டு, ஓடும்போதெல்லாம் ஆடி, வயரின் உறையை அரைத்திருந்தது. எர்த் வயர் எதிலும் இணைக்கப்படவில்லை. அந்தக் கட்டிக்கு வேறு வேலையே கிடையாது. அம்மாவின் கைக்காகவே வைத்தது.

கடையில் கூட்டம் சேரும் மாலையில் போனேன். அதே மிக்ஸி ஒன்றை வாங்கி, மேசைமேல் கவிழ்த்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"ஏம்மா, இங்கயே பிரிச்சா வாரண்டி போயிடும்."

"போகட்டும் அண்ணே. எங்கம்மாவே போயிட்டாங்க."

கட்டி வெளியே வந்தது. கம்பெனிக்காரன் செய்ததற்குத் தான் என்ன செய்ய முடியும் என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். பழுதுக்கு வரும் மிக்ஸியையெல்லாம் பின்னறையில் பிரித்து இந்தக் கட்டியைப் பார்ப்பது யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். உள்ளே வந்து பேசலாம் என்றார்.

கட்டியை அவர் கையில் வைத்தேன். "தூக்கிப் பாருங்க. கனமா இருக்கா?"

பக்கத்தில் ஒரு பெண் இன்னொரு மிக்ஸியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

வேலை முடிந்ததும் தினமும் அந்தக் கடை வாசலில் நிற்கிறேன். வருகிறவர்களிடம் கட்டியைத் தூக்கிப் பார்க்கக் கொடுக்கிறேன். அவர் ஷட்டரை ஒரேயடியாக இறக்கும்வரை நிற்பேன்.