இடக்கையை அறியாத அடேக்

லோஷினிக்குக் கனவு காண்பதுதான் முழுநேர வேலை, பாடம் நடத்துவது பகுதிநேரம் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். அதில் பாதி உண்மை. பெக்கான் நானாஸ் ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் காலையில் கார் ஓட்டி வரும்போது அன்னாசித் தோட்டங்களின் மேல் பனி படுத்திருக்கும். அந்தப் பனிக்குள் சின்னச் சின்ன இயந்திரங்கள் உருண்டுபோய், வீடு வீடாகக் கதவைத் தட்டி, "என்னா வேணும்?" என்று கேட்பதாக அவளுக்குத் தோன்றும். பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்த பிறகுதான் சிக்னல் விளக்கு பச்சையானதே தெரியும்.

அப்படி ஒரு கனவு, உருவமும் எடுத்து அவள் ஆய்வுக்கூடத்தில் நின்றது. இடுப்புயரம், உருளும் கால்கள், ஒற்றைக் கை, தலையில் கேமரா. மாணவர்கள் அதை அடேக் என்றார்கள். மலாயில் தம்பிக்கும் தங்கைக்கும் அந்த ஒரே சொல்தான், ரோபோவுக்கும் போதும். மனிதர்கள் ஒருவருக்கொருவர் பொருளை நீட்டுவதையும் வாங்குவதையும் பார்த்துப் பார்த்தே அது பழகியது. "நாம எப்படியோ அதுவும் அப்படித்தான்" என்று வகுப்பில் லோஷினி பெருமையாகச் சொல்வாள். அந்தப் பெருமை எங்கே போய் இடிக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மாசாய் ஊரில் இருந்த அவளுடைய பள்ளித்தோழி ரீத்தாவுக்கு சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்னே எல்லைப் பாலம் தாண்டப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு. அப்பா செபஸ்தியன் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாற்காலியருகே மகள் வைத்துப்போகும் தண்ணீர் பாட்டில் கைதவறி உருண்டுவிட்டால், அவள் வரும்வரை நாக்கு வறளக் கிடக்க வேண்டியதுதான்.

"உன் அடேக் சரியா வந்தா பாக்கலாம். இல்லன்னா நான் வேலய விட்டுடுறேன் லா, வேற வழி இல்ல" என்றாள் ரீத்தா. அந்த வேலையில்தான் அந்த வீடே நின்றது.

ஒரு சனிக்கிழமை அடேக்கை வேனில் ஏற்றிக்கொண்டு, மாணவன் ரூபேந்திரனோடு லோஷினி மாசாய்க்குப் போனாள். அடேக் சமையலறைக்குப் போய் மூடிபோட்ட குவளையை எடுத்து, ஒரு சொட்டு சிந்தாமல் செபஸ்தியன் முன்னால் வந்து நீட்டியது. அவர் இடக்கையை நீட்டினார். அடேக் விடவில்லை. அவர் குவளையைப் பிடித்து இழுத்தார். அது இன்னும் இறுக்கிப் பிடித்து, மெல்லப் பின்வாங்கியது.

"பாத்தியாம்மா, எடக்கைன்னா மெசின்கூட குடுக்க மாட்டேங்குது" என்று சிரித்தார் செபஸ்தியன். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். கோயில் விருந்துக்குக்கூட அவர் போவதை நிறுத்திவிட்டார், நாலு பேர் முன்னால் அந்தக் கையை நீட்டக் கூச்சம் என்று ரீத்தா முன்பே சொல்லியிருந்தாள்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் பதிவுகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தார்கள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் கொடுத்தார்கள், வாங்கினார்கள். ஒருவர்கூட இடக்கையை நீட்டவில்லை. யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான். அடேக்குக்கு இடக்கை என்பது வாங்கும் கையே அல்ல.

"அலமாக்! டாக்டர், நான் எழுதுறதே எடக்கைல. நான்கூட சோத்துக்கையாலதான் வாங்கியிருக்கேன்" என்றான் ரூபேந்திரன். "எங்கம்மா அடிச்ச அடி அப்படி."

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. லோஷினிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உலகத்தில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் தட்டக் கனவு கண்டவள், தட்டிய முதல் வீட்டிலேயே ஒரு மனிதரைத் தலைகுனிய வைத்துவிட்டாளே.

மறுவாரம் ரூபேந்திரனோடும் அடேக்கோடும் மீண்டும் போனாள். மாணவர்களின் இடக்கையைப் பதிவு செய்து பயனில்லை, ஆளுக்கு ஆள் தயங்கித் தயங்கி நீட்டினார்கள். செபஸ்தியனின் கையே வேண்டும். அவரோ மடியிலிருந்து அதை எடுப்பதாயில்லை.

"கேமராவுல வேற காட்டணுமாக்கும். வேணாம்மா."

லோஷினி கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். கொடியில் துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன, ஆளில்லாத சட்டைகள் ஒன்றுக்கொன்று கை நீட்டுவதுபோல. ரூபேந்திரன் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. பிறகு தன் வலக்கையைத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இடக்கையை நீட்டினாள்.

"அங்கிள், எனக்குத் தாகமா இருக்கு. அந்தக் கிளாச எடுத்துக் குடுங்களேன்."

செபஸ்தியன் அவளையே பார்த்தார். வாதம் வந்ததிலிருந்து அவருக்குக் கொடுக்கத்தான் எல்லோரும் வந்தார்கள். அவரிடம் ஒன்று வேண்டுமென்று யாரும் கேட்டதில்லை. பக்கத்து மேசையிலிருந்த கிளாஸை இடக்கையால் எடுத்து நீட்டினார். லோஷினி இடக்கையாலேயே வாங்கி மடக்மடக்கென்று குடித்தாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள். மதியம் முழுக்க அதே வேலைதான். குடித்துக் குடித்து அவள் வயிறு குடமாகிவிட்டது. அடேக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படிச் சில வாரங்கள் போயின. கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அடேக் குவளையோடு வந்து நின்றது. இடக்கை நீண்டது. இயந்திர விரல்கள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. குவளை அவர் கைக்கு வந்துவிட்டது. ரூபேந்திரன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்நேரம் பார்த்து ரீத்தா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். பாலத்து வரிசையில் நின்று நின்று முகம் வெளிறியிருந்தது. செபஸ்தியன் வாய்வரை கொண்டுபோன குவளையை நிறுத்தி, மகள் பக்கம் நீட்டினார்.

"நின்னுக்கிட்டே வந்திருப்ப. மொதல்ல நீ குடி."

ரீத்தா இரண்டு கையாலும் வாங்கினாள். வாசலிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், அழுதுகொண்டே குடித்து முடித்தாள்.