கழுத்து வரை வந்த படம்

இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கு, நாவற்குடா வீட்டில் வாவியைப் பார்த்த யன்னலடியில் உட்கார்ந்து, ஏழு மணி வரை தாளில் பென்சிலால் ஒரே முகத்தைக் கீறுகிறேன். ஏழு மாதமாக ஒரு நாளும் தவறவில்லை. ஐம்பது தாண்டியாவது எனக்கு ஒழுங்கு வந்ததே என்று மனைவி அயலுக்கெல்லாம் சொல்கிறாள். அது எப்படி வந்தது என்பதைச் சொல்வதில்லை.

படம் கேட்டவன், ஆரையம்பதியில் மீன் விற்ற என் நண்பன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். போனைத் தூக்கிப் படமெடுக்கப் போனாலே எழும்பிப் போய்விடுவான்.

"அடையாள அட்டையில கள்ளன் மாதிரி இரிக்கன் மச்சான். வீட்டுச் சுவரில கொழுவ நீ ஒண்டு கீறித் தா."

சனிக்கிழமை பின்னேரம் வரச் சொன்னேன். தேய்த்த நீலச் சேட்டோடு சைக்கிளில் வந்து இறங்கினான்.

அன்றைக்குத் தாள் சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த சனி வெளிச்சம் சரியில்லை. பிறகு மாரி மழை. இடையில் ஓவியர்களின் தினசரிப் பழக்கங்களைப் பற்றி மூன்று புத்தகம் வாசித்து, ஐந்து நிறத்தில் நேரசூசி ஒன்று தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். அந்த வருடம் நான் முடித்த ஒரே ஓவியம் அதுதான்.

ஒருவழியாகத் தொடங்கியபோதும் சேட்டில்தான் தொடங்கினேன். முகத்துக்கு முன்னம் கை பழக வேண்டும் என்று விளக்கம் வேறு. உண்மையில் பயம். முகம் பிழைத்தால் நான் ஓவியனில்லை என்று தெரிந்துவிடும். சேட்டின் மடிப்புகளிலேயே மூன்று மாதம் ஒளிந்திருந்தேன்.

"உனக்குச் சேட்டுத்தான் வேணுமெண்டா கழட்டித் தந்திட்டுப் போறன் மச்சான். எனக்கு வேலை கிடக்கு."

"பொறு. அடுத்த சனி முகம்."

"அப்ப போனில ஒரு படம் எடுத்து வெச்சுக் கீறன். இந்த ஒருக்கா இரிக்கன்."

"போட்டோவைப் பாத்துக் கீறுறவன் ஓவியனில்ல" என்றேன், பெரிய ஓவியன் போல.

"சரி, ஓவியரே. சனிக்கிழமை வாறன்."

வெள்ளிக்கிழமை சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னே முடிந்துவிட்டது.

செத்தவீட்டுப் பதாகையில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டிருந்தார்கள். அவன் சொன்னது சரி, கள்ளன் மாதிரித்தான் இருந்தான். நான் அதற்குக் கீழே நின்று வந்தவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு அவன் மனைவி வந்தார்.

"அண்ணன், அந்தப் படத்தைக் கொண்டு போகலாமெண்டு வந்தன்."

"முடியல்ல, தங்கச்சி."

"பரவால்ல. முடிஞ்சதைக் காட்டுங்க."

விரித்தேன். கழுத்துக்கு மேலே வெறும் தாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு இரண்டாவது பொத்தானில் விரலை வைத்தார்.

"நீல நூல் இல்லாம நான் கறுத்த நூலால தைச்ச பொத்தான். அதையும் கவனிச்சுக் கீறியிரிக்கிறீங்க."

"ஓம்."

"இந்தச் சேட்டைப் போட்டுத்தான் அவரை அனுப்பின." படத்தைச் சுருட்டி என்னிடமே தந்தார். "நூலையே பாத்த நீங்க, முகத்தைப் பாக்காமலா இருந்திருப்பீங்க? மெதுவாக் கீறித் தாங்க."

அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்லத்தான் விடியலில் எழும்புகிறேன். நாற்பது வருடமாக என் கண்முன்னால் இருந்த முகம். மூக்கு வந்தால் கண் வராது. கண் வந்தால் அது வேறொருவனுடைய கண்.

நேற்று முதன்முறையாக ஒரு முகம் அப்படியே வந்தது. தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். பதாகையில் இருந்த கள்ளன்.

இன்று காலை வேறு தாள் எடுத்தேன்.