ஆணி இல்லாத தகரம்

எல்கடுவப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவின் கூரைக்கு மட்டும்தான் ஆணி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரம் பறக்காமலிருக்க நாங்கள் மேலே கல்லைத் தூக்கி வைப்போம்.

அன்று காலையிலிருந்தே வெயில் கொளுத்தியது. சூடான ஈரக்காற்று மலையேறிப் போய், மத்தியானம் கறுத்த மேகமாகக் குவிந்து நின்றது. இடி முழங்கியதும் அந்த மேகத்திலிருந்து குளிர்காற்று அப்படியே கீழே கொட்டி, தகரத்துக்கு அடியில் புகுந்து தூக்கியது. மேலிருந்த கல், என் மகள் தூங்கிய தொட்டிலை உரசிக்கொண்டு விழுந்தது.

மறுநாள் தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு பெரிய மனுசன் ஜீப்பில் புதுத் தகரம் கொண்டுவந்தார். தகரத்தைப் பிடித்தபடி போட்டோவுக்குச் சிரித்தார்.

"ஆணி எங்கங்க சேர்?" என்றேன்.

"மினி சூறாவளிக்கு ஆணி என்னம்மா செய்யும்? பழைய கல்லு இருக்குதானே, அதையே வச்சுக்கங்க."

தொட்டிலடியில் கிடந்த கல்லைத் தூக்கிவந்து அவருடைய ஜீப் மேல் வைத்தேன்.

"காத்தடிச்சா பறந்துறாம இருக்கட்டுங்க சேர்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஆணி மட்டும் இன்னும் வரவில்லை.

அன்றுவரைக்கும் நான் காற்றைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன். பாவம், காற்று.