வெள்ளிப் படகின் பாரம்

"தட்டுல கைய வெக்காதீங்க" என்று அபூதாஹிர் சொல்லி முடிக்கும் முன்பே வியாபாரியின் கை பாதி வழியில் திரும்பிவிடும். திருகோணமலை இறங்குதுறை நெல் களஞ்சியத்தில் மூட்டை நிறுப்பவர் அவர். தராசுக் கோல் எழும்பும்வரை இமைக்கமாட்டார். எழும்பியதும், "கோல் மூச்சு விட்டுட்டு" என்பார். அவருடைய நிறுவையில் குறை சொன்ன ஆள் கிண்ணியாவிலும் இல்லை, மூதூரிலும் இல்லை.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு: பாரமாக இருப்பது. சுங்கக் கந்தோர் அதிகாரி இராஜநாயகத்தின் 'ஸ்டார்' வகைப் பந்தயப் பாய்ப்படகில் இருவர்தான் போகலாம். இராஜநாயகம் சுக்கான் பிடிக்க, அபூதாஹிர் காற்றடிக்கும் பக்கமாக உடம்பை வெளியே தொங்கவிட்டுப் படகு சாயாமல் பார்ப்பார். அதற்கேற்ற வயிறு அந்தத் துறைமுகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. பாயில் நட்சத்திரம், அவர் பேச்சில் வெள்ளி, இருப்பதால் அபூதாஹிருக்கு அது 'வெள்ளிப் படகு'. வெள்ளிக்கிழமை ஓடும் படகாக்கும் என்றெண்ணி, ஜும்ஆத் தொழுகையை விட்டுவிட்டுக் கடலில் என்ன வேலை என்று மனைவி ஆமினா உம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இம்முறை இந்தியா, மலாயாப் படகுகளோடு போட்டி. ஏழு வருடம் உள்ளூர்க் காற்றில் தொங்கியவருக்கு வெளிநாட்டாருக்கு முன்னால் ஒருநாள் தொங்கிப் பார்க்க எத்தனை ஆசை! ஆனால் போட்டி நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். தொங்குபவர் இருநூறு இறாத்தலுக்குக் குறைந்தால் மாற்றாளாக நிற்கும் டொமினிக்தான் ஏறுவார் என்று படகுக் கிளப் செயலாளர் தம்பிராசா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருபத்தேழு நோன்பு பிடித்த வயிற்றில் கட்டிய சாரம் நிற்காமல் வழுகத் தொடங்கியிருந்தது. விடியுமுன் சஹர் சாப்பாட்டில் கூடுதலாக ஏதும் சாப்பிட ஏலாதோ என்று இராஜநாயகம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் எழும்புறன் சேர். வயிறுதான் எழும்புதில்ல."

அபூதாஹிரை நிறுப்பதும் அவருடைய தராசிலேயே நடந்தது. மடியில் ஒன்றுமில்லை என்று சாரத்தை உதறிக் காட்டிவிட்டு ஏறினார். தம்பிராசா முன்னால் குனிந்து, இருநூறில் வைத்த கோலைப் பார்த்தார். அது அசையவில்லை. நாலு இறாத்தல் குறைவு என்று அபூதாஹிருக்குப் பார்க்காமலே தெரிந்தது. டொமினிக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ. அபூதாஹிர் நானா மூச்சு விடட்டும்" என்றார் பின்னால் நின்ற இராஜநாயகம்.

கோல் மெல்ல எழும்பியது. அபூதாஹிர் குனிந்து பார்த்தார். அவருடைய குதிக்காலுக்குப் பின்னால், தட்டின் ஓரத்தில், மினுக்கிய கறுப்புச் சப்பாத்துக் கால் ஒன்று அழுத்திக்கொண்டிருந்தது.

"தட்டுல..." என்று பழகிய வாய் திறந்துவிட்டது.

தம்பிராசா நிமிர்ந்தார். அபூதாஹிர் வாயை மூடிக்கொண்டு, கூரையில் எத்தனை புறா என்று எண்ணத் தொடங்கினார்.