ஏச்சு வாங்கும் உத்தியோகம்

கட்சிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் குறுக்குசால். தலைவர் பேசும்போது கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து குறுக்கே கத்துவதுதான் அவருடைய உத்தியோகம். வீட்டில் மட்டும், மைக் செட்டுக்கு ஒயர் இழுக்கிற வேலை என்று சொல்லி வைத்திருந்தார். மனைவியும் மகளும் நம்பினார்கள். ஒயர் இழுப்பதாகப் பொய் சொல்லிப் பெருமையடிக்கிற மனுஷன் உலகத்தில் உண்டா என்ன?

பாட்டில் கம்பெனியை இழுத்து மூடிய வருஷம், வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒரு கூட்டத்தில் நிஜமாகவே எழுந்து, "எங்க வேலை எங்கய்யா?" என்று கத்தியவர் அவர். தலைவர் பேந்தப் பேந்த விழித்தார். மறுநாள் கூட்ட ஏற்பாட்டாளர் தெருமுனையில் மடக்கியபோது, உதைதான் என்று இவர் நினைத்தார். வந்தவரோ தோளில் கை போட்டார்.

"அண்ணே, நல்ல தொண்டைண்ணே உங்களுக்கு. அதை எங்களுக்காகக் கத்துங்க. தேர்தல் முடியட்டும், உங்க பொண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரியில வேலை. நான் பொறுப்பு."

நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு ஒரே மகள் வீட்டில் சும்மா இருந்தாள். அந்த ஒரு வார்த்தையில் மனுஷர் விழுந்துவிட்டார்.

இந்தத் தொழிலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதுதான் சைகை. குறுக்குசால் எழுந்து, "வேலை எங்கே?" என்பார். "யாரும் அவர் மேல கை வைக்காதீங்க, பேசட்டும்" என்று தலைவர் பெரிய மனுஷத்தனம் காட்டுவார். பிறகு போன ஆட்சியில் எத்தனை பேருக்கு வேலை, தன் ஆட்சியில் எத்தனை பேருக்கு என்று வாய்க்கு வந்த கணக்கை அடித்துவிடுவார். கணக்கு யாருக்கு வேண்டும்? கூட்டம் காத்திருப்பது அடுத்து விழப்போகிற அடிக்கு.

"இந்த மூஞ்சியைப் பாத்தா எவன் வேலை குடுப்பான்? கதவைத் தொறந்த முதலாளி கம்பெனியையே மூடிட்டு ஓடிடுவான்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். உடனே, ஏச்சு வாங்கியவரே முதல் ஆளாகக் கை தட்ட வேண்டும். தோற்றவன் தட்டினால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்பது ஏற்பாட்டாளரின் கண்டுபிடிப்பு. நாசமாய்ப் போகிறவன், அதில் கெட்டிக்காரன்.

இதில் கொடுமை, அந்த வசனத்தை எடுத்துக் கொடுத்ததே குறுக்குசால்தான். "எதைச் சொன்னா உங்களுக்கு ரொம்ப வலிக்கும்ணே?" என்று ஏற்பாட்டாளர் கேட்டார். வேலை போன புதிதில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்து மச்சான் சொன்ன வார்த்தை அது. நெஞ்சில் கிடந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டம். இன்றோடு தொல்லை விட்டது, மகளுக்கு வேலை வந்துவிடும் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். இவர் முழங்காலில் கையூன்றி எழுவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"படிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கோம். நர்ஸ் வேலை எங்க சார்?"

அவர் மகள். கூடப் படித்தவர்களோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள். அவள் கேட்டது நிஜக் கேள்வி.

தலைவருக்கு அது எப்படித் தெரியும்? இன்றைக்கு ஆளை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார் போல. சிரித்தார். அவளைப் பேச விடச் சொன்னார். கணக்கை அடித்துவிட்டார். அடுத்து வரப்போவது என்னவென்று குறுக்குசாலுக்குத் தெரியும்.

"நர்ஸ் வேலையாம்மா? இந்த மூஞ்சியைப் பாத்தா நோயாளி தானா எந்திரிச்சு ஓடிடுவான். ஆஸ்பத்திரியே காலி! அப்புறம் உனக்கு எங்க வேலை?"

மைதானமே குலுங்கியது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மேடையோரம் நின்ற ஏற்பாட்டாளர் இவரைப் பார்த்து, தட்டு தட்டு என்று கண்ணைக் காட்டினார். மகளின் வேலை அந்த ஆளின் கையில் இருக்கிறது. இவர் தட்டினார். முதல் ஆளாக, ஓங்கித் தட்டினார். சத்தம் வந்த திசையில் மகள் திரும்பினாள். பார்த்தாள்.

கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் அவளைக் கூட்டி வந்து நிறுத்தினார் ஏற்பாட்டாளர். அவருக்கு வாயெல்லாம் பல்.

"அண்ணே, உங்க பொண்ணாமே! பொம்பளைப் புள்ளை கேட்டா கூட்டம் என்னமா ரசிக்குது! தேர்தல் முடிஞ்சாலும் நம்ம கூட்டம் ஓயாதுல்ல, இனிமே எல்லா ஊருக்கும் இதுதான் வரணும். வேலை கேட்டீங்கல்ல, இதோ குடுத்தாச்சு. நீங்க கிளம்புங்கண்ணே, தொண்டையும் முன்ன மாதிரி இல்ல."

"ஆஸ்பத்திரி வேலைன்னு சொன்னீங்களே தம்பி..." என்று இழுத்தார் குறுக்குசால்.

ஏற்பாட்டாளருக்கு அது காதிலேயே விழவில்லை. மகள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நிரந்தரமா சார்?"

"வேலை இல்லாதவங்க இருக்கிற வரைக்கும் நிரந்தரம்தாம்மா."

அவள் தலையாட்டினாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"கை தட்ட ஒரு ஆள் வேணும்ல சார்? இவரையே வச்சுக்கங்க. நல்லாத் தட்டுறாரு."