இரண்டு மணிக்கு ஒரு தரம்

இது எனக்கு நடந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தாலும் சரி, இவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்றாலும் சரி. ஆனால் ஒன்று. அடுத்தவர் எழுதி வைத்ததில் எது நிஜம், எது புளுகு என்று கண்டுபிடிப்பதுதான் பதினான்கு வருடமாக என் பிழைப்பு. என் கண்ணில் மண்ணைத் தூவுவது அவ்வளவு சுலபமில்லை.

வீட்டுக்கே ஆள் அனுப்பி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனம். அங்கே நான் தர ஆய்வாளர். வீடு வீடாகப் போக வேண்டும். படுக்கை சுத்தமாக இருக்கிறதா, மருந்தை வேளைக்குக் கொடுக்கிறார்களா, நகம் வெட்டிவிடுகிறார்களா, நோயாளியிடம் எரிந்து விழுகிறார்களா என்றெல்லாம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வீடு. நமக்கென்று அமைகிற வீடெல்லாம் மாடியில்தான் இருக்கும்.

அன்று அது ஆறாவது வீடு. மாலை 5.20. காலையிலிருந்து ஷூவுக்குள் கிடந்த பாதங்கள் வீங்கி விண்விண் என்று தெறித்தன. சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் விழுந்தால் போதும் என்றிருந்தது.

ஆனால் அது சீக்கிரம் முடிகிற விஷயமில்லை. எங்கள் மேனேஜரை நாங்கள் ‘சிடுமூஞ்சி’ என்போம். காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“அந்த வீட்டுக்குப் போற பொண்ணு பொய்யா எழுதுது. காலைல எட்டுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான் அதுக்கு டியூட்டி. ராத்திரி ரெண்டு மணிக்கு, நாலு மணிக்கெல்லாம் திருப்பிப் படுக்க வெச்சதா பதிவேட்டுல இருக்கு. பார்த்துட்டு வாங்க. நாளைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடலாம்.”

திருப்பிப் படுக்க வைப்பது எங்கள் தொழிலில் உயிர் மாதிரி. அசைய முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். புண் வந்தால் எலும்பு வரைக்கும் போகும். ஆளையே கொண்டுபோய்விடும்.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். என் அடையாள அட்டையைப் பார்த்ததுமே கண் கலங்கிவிட்டது.

“மேடம், ரெண்டு பிள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன். அந்த ராத்திரி எழுத்து என்னோடது இல்ல.”

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். பகலில் எழுதியது பேனா. சாய்ந்த எழுத்து. இரவில் எழுதியது பென்சில். குண்டு குண்டான, நிதானமான எழுத்து. 8.00 இடப்பக்கம். 10.00 வலப்பக்கம். 12.00 இடப்பக்கம். ஒரு நாள்கூட விடாமல், பக்கம் பக்கமாக.

“நோயாளியோட மகள் எழுதறாங்களா?”

“அவங்க கீழ் வீடு மேடம். வேலை முடிஞ்சு ஒன்பது மணிக்குத்தான் வருவாங்க. வந்தாலும் ராத்திரில மேல ஏற மாட்டாங்க.”

கட்டிலில் இருந்தவர் எழுபதைத் தாண்டியவர். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. நான்கு வருடமாக அப்படித்தான் என்று கோப்பில் இருந்தது. இருவருமாகப் புரட்டி முதுகைப் பார்த்தோம்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு கீறல் இல்லை. ஒரு சிவப்பு இல்லை. குழந்தை முதுகு மாதிரி இருந்தது. நான்கு வருடம் படுத்தவருக்கு இப்படி ஒரு முதுகை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. ஐந்துக்கு ஐந்து போட்டேன். அவரை என்னைப் பார்த்த மாதிரி இடப்பக்கமாகப் படுக்க வைத்தோம்.

அடுத்தது நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும். அது விதி. அவளை வெளியே படியில் உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளை நானே போட்டேன். 5.41.

“ஐயா, நல்லா பார்த்துக்கறாங்களா?”

“ரொம்ப.” மெல்லிய குரல். காற்று மாதிரி வந்தது.

“நேரத்துக்குத் திருப்பி விடறாங்களா?”

“ஒரு தடவைகூடத் தவறினதில்ல.”

“ராத்திரில?”

என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார்.

“ஏதாவது குறை இருக்கா ஐயா?”

பார்வையை என் பக்கம் கொண்டுவந்தார். “நிறுத்தச் சொல்லும்மா.”

“எதை? ஃபேனையா?”

கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன். அறை சட்டென்று அமைதியானது. நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டின. இமை கனத்தது. இரண்டு நிமிடம்... இரண்டே நிமிடம் என்று நினைத்தேன்.

டக்.

கண் விழித்தேன். 6.02.

முதலில் எனக்குத் தெரிந்தது பயமில்லை. சுகம். காலையிலிருந்து அனுபவிக்காத சுகம். காலில் வலியே இல்லை. ஏன் என்று குனிந்து பார்த்தேன்.

என் இரண்டு காலும் ஒரு முக்காலி மேல் இருந்தன. கீழே நான்காக மடித்த போர்வை. ஷூக்கள் கழற்றப்பட்டு, கட்டிலுக்கடியில் ஜோடியாக இருந்தன.

அந்தப் பெண்தான் வந்திருக்கிறாள். எரிச்சல் வந்தது. ‘உள்ளே வராதே என்றால் கேட்கிறாளா...’

கதவைப் பார்த்தேன்.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

கட்டிலைப் பார்த்தேன். என்னைப் பார்த்துப் படுத்திருந்தவரின் முதுகு தெரிந்தது. வலப்பக்கமாகத் திரும்பியிருந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. பின்முதுகுக்கு முட்டுக்கொடுத்து இன்னொன்று. விரிப்பில் ஒரு சுருக்கமில்லை.

முக்காலியிலிருந்து காலைக் கீழே இறக்கினேன்.

மேஜை மேல் பதிவேடு திறந்திருந்தது. மூடி வைத்தது நான். எழுந்து போய்ப் பார்த்தேன். பென்சில். குண்டு எழுத்து.

6.00 வலப்பக்கம்.

அதற்குக் கீழே இன்னொரு வரி.

நாற்காலியில் இருப்பவர். கால் வீக்கம். உயர்த்தி வைத்தது.

பக்கத்தில் கிடந்த பென்சில் உருண்டது... மெதுவாக... விளிம்பு வரை வந்து... நின்றது.

எனக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். பாரம் தூக்கியவர்கள் வாங்குவார்களே, அந்த மூச்சு.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் பேசினார்.

“போயிடும்மா... உன்னையும் படுக்க வெச்சிடுவா.”

திரும்ப நினைத்தேன். முடியவில்லை.

ஒரு கை என் தோளில் படிந்தது. ஈரக் கை. வெதுவெதுப்பாக.

இன்னொரு கை, இடுப்பில்.

அந்தப் பிடி எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான்தான் சொல்லித்தருவேன். ஒரு கை தோள். ஒரு கை இடுப்பு. அப்புறம்...

திருப்புவது.

தாழ்ப்பாளை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. வெறுங்காலோடு படியில் விழுந்தேன். அந்தப் பெண் தாங்கிப் பிடித்தாள்.

“மேடம்! என்னாச்சு?”

“நீ உள்ள வந்தியா?”

“இல்ல மேடம். நீங்கதானே வர வேணாம்னு...” என் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது. “பார்த்துட்டீங்களாக்கா?”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா. அதான் ஆறுக்கு மேல இருக்கறதில்ல. எதுக்கும் ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். பாவம்.”

போனாள். ஒரு நிமிடத்தில் வந்துவிட்டாள். என் ஷூவை எடுக்க அவளுக்கும் தைரியமில்லை.

மறுநாள் அறிக்கை கொடுத்தேன். இரவு எழுத்து பராமரிப்பாளருடையது இல்லை, அவர் மேல் தவறில்லை.

“அப்ப யார் எழுதினது?” என்றார் சிடுமூஞ்சி.

“தெரியல சார். தெரிஞ்சுக்கணும்னா ஒரு சாயங்காலம் நீங்களே போய்ப் பாருங்க.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் வேலை தப்பியது. அவளை வேறு வீட்டுக்கு மாற்றச் சொன்னேன். அவள்தான் மாட்டேன் என்றாள். “நானும் போயிட்டா பகல்ல அவருக்கு யாருக்கா இருக்கா?”

எட்டு நாள் கழித்து அவருடைய மகள் ஆபீஸுக்கு வந்தாள். என் ஷூவைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். தூக்கமில்லாத முகம். உட்காரச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அது எங்கம்மா எழுத்து மேடம்.”

தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“ஆஸ்பத்திரில முப்பது வருஷம் வார்டு ஆயாவா இருந்தாங்க. எத்தனையோ பேரைத் திருப்பித் திருப்பிப் படுக்க வெச்சவங்க. கடைசில அவங்களே படுக்கையில விழுந்துட்டாங்க. அதே கட்டில். அப்ப நான் வெளியூர்ல இருந்தேன். ஆள் வைக்கலாம்னு சொன்னேன். அப்பா வேணாம்னுட்டார். நானே பார்த்துக்கறேன்னார்.”

“பார்த்துக்கிட்டாரா?”

“காலைல பூட்டிட்டுப் போனா ராத்திரிதான் வருவாராம். பதினோரு மாசம். ஒரு தடவைகூடத் திருப்பிப் படுக்க வைக்கல. அம்மா செத்ததும் குளிப்பாட்டறதுக்குத் திருப்பினப்பதான் முதுகைப் பார்த்தேன். எலும்பு தெரிஞ்சுது மேடம்.”

அவள் அழவில்லை. அழுது முடித்த முகம் அது.

“அம்மா போன ரெண்டாவது மாசம் அப்பாவும் படுக்கையில விழுந்தார். டாக்டர் பார்த்துட்டு, ஆசை இருந்தா எல்லாரும் வந்து பார்த்துக்கங்க, பத்து நாள் தாங்காதுன்னார்.”

அவள் இதைச் சொல்லி மூன்று வருடமாகிறது. பத்து நாள் என்று சொன்ன அந்த டாக்டரே போன வருடம் இறந்துவிட்டார்.

அவர் இன்னும் இருக்கிறார்.