ஒண்ணு நடந்து காட்டு மக்கா!

போன புதன்கிழமை டாக்டர் என் அண்ணனின் புது எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். தொடை எலும்பின் தலை பந்து மாதிரி உருண்டையாக இருக்க வேண்டும். அண்ணனுடையதில் மேல்பக்கம் சப்பையாகிப் போயிருந்தது.

"ரத்தம் போகவில்லை... எலும்பு செத்துவிட்டது" என்றார்.

நான் நர்சிங் மாணவிகளுக்கு அனாட்டமி சொல்லிக்கொடுப்பவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்? ஆனால் அன்று அந்தத் திரை முன்னால் என் படிப்பு எதற்கு உதவியது?

இதெல்லாம் தொடங்கியது போன வருஷ மழையில். ஆரியங்கோட்டுத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அண்ணன், ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தான். இடுப்பில் நல்ல அடி. நொண்டிக்கொண்டே வீடு வந்துவிட்டான். நான் பரீட்சை வேலையாகத் திருவனந்தபுரத்தில் இருந்தேன். "உடனே எக்ஸ்ரே எடுங்கப்பா" என்று போனில் அப்பாவிடம் கத்தினேன்.

"அவன் நடக்கானே! எலும்பு ஒடிஞ்சா நடப்பானா பிள்ளே?"

நடப்பான்! அதுதான் இந்த எலும்பின் சதி. தலைக்குக் கீழே உள்ள கழுத்து விரிசல் விட்டு, ஒரு துண்டு இன்னொன்றில் செருகிக்கொண்டால் சிலரால் கொஞ்ச நாள் நடக்கக்கூட முடியும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

யார் எடுத்தார்கள்? ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக ஊரே வந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு மட்டும் போக மாட்டார்கள் — சோதித்துவிட்டுத்தான் போவார்கள்.

"எலே மக்கா, ஒண்ணு நடந்து காட்டுலே."

பெரியவர்கள் சொல்லும்போது மாட்டேன் என்பது எப்படி? அண்ணன் எழும்புவான், பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பான்.

"பாத்தியா? ஒண்ணும் இல்லல்லா! வெறும் சதவு ஆக்கும், சதையிலதான் அடி."

நான் வந்து சேர்ந்த அன்று, பெரியப்பாவுக்கு நடந்து காட்டிய அண்ணன் வாசலிலேயே விழுந்து கிடந்தான். பாதம் வெளிப்பக்கம் திரும்பி, கால் குட்டையாகியிருந்தது. செருகியிருந்தது விலகிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது.

அன்றைக்கே ஆபரேஷன். "சின்ன வயசு. சொந்த எலும்பையே காப்பாற்றப் பார்ப்போம்" என்று டாக்டர் ஸ்க்ரூ போட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணனுக்கு விளக்கினேன். தலைக்கான ரத்தம் பெரும்பாலும் கீழிருந்துதான் ஏறுகிறது, கழுத்தின் மேலோடு ஒட்டி ஓடும் மெல்லிய குழாய்களில். கழுத்து விலகினால் அவையும் அறுந்துபோகலாம். மேலிருந்து ஒரு சின்னக் குழாய் வருவது உண்டு. வளர்ந்தவர்களுக்கு அது பத்தாது. ஸ்க்ரூ எலும்பைச் சேர்க்கும். அறுந்த குழாயைச் சேர்க்காது.

அண்ணன் கேட்டான்: "ரப்பர் மரத்துல சுத்தோடு சுத்தா பட்டைய உரிச்சது மாதிரி ஆக்கும்?"

"ஆமா அண்ணா."

"அப்போ பட்டுப் போவுமே, எட்டி பிள்ளே..."

எலும்பு பிழைக்குமா, பட்டுப்போகுமா என்று மாதக்கணக்கில் காத்திருந்தோம். தொடை இடுக்கில் வலி தொடங்கியது. பிறகு அந்தப் புதன்கிழமை. "செயற்கை மூட்டு வைக்கலாம். ரப்பர் தோட்டத்துச் சரிவையெல்லாம் மறந்துவிடுங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்றவே கூடாது." அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெரியப்பா வந்தார். கையில் ஆரஞ்சு.

"ஸ்க்ரூ போட்டு வருஷம் ஒண்ணு ஆச்சுல்லா? எங்க, ஒண்ணு நடந்து காட்டு மக்கா."

"வேண்டாம் பெரியப்பா, டாக்டர் ஊன்றக் கூடாதுன்னு..."

"நீ சும்மா இரி பிள்ளே. நாலு எழுத்துப் படிச்சா போதுமா? அவன் ஆம்பள ஆக்கும்."

நான் அண்ணனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினேன். அவன் அதற்குள் கட்டில் விளிம்பைப் பிடித்துவிட்டான்.

"விடு எட்டி. பட்ட மரந்தானே..."

எழும்பினான். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தான்.

"பாத்தியா?" என்றார் பெரியப்பா என்னிடம். "ஒண்ணும் இல்லல்லா!"